ஸ்பூனைத் திரும்பத் திரும்பக் கீழே போடும் குழந்தை: குறும்பா, ஆராய்ச்சியா?

"எடுத்துக் கொடுத்தா மறுபடியும் கீழ போடுறான். வேணும்னே பண்றான்!" எட்டு, ஒன்பது மாதக் குழந்தை இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. வேணும்னேதான் பண்றான், சந்தேகமில்லை. ஆனால் கடுப்பேற்ற அல்ல. கையை விட்டால் ஸ்பூன் விழுகிறது, விழுந்தால் 'ணங்'கென்று சத்தம் வருகிறது, சத்தம் வந்தால் அம்மா குனிந்து எடுத்துத் தருகிறார். மூன்றும் ஒவ்வொரு முறையும் நடக்கிறதா என்று பார்க்கிறது குழந்தை.

'நான் செய்ததால்தான் இது நடந்தது' என்ற புரிதல் இன்னும் முன்பே துளிர்க்கிறது. அமெரிக்க உளவியலாளர் கரோலின் ரோவி-கோலியரின் ஆய்வு 1969-ல் வெளியானது. தொட்டிலுக்கு மேலே சுழலும் பொம்மைச் சரம் தெரியும்தானே? ஆங்கிலத்தில் அதற்கும் பெயர் மொபைல்தான்! ஒரு ரிப்பனால் அதைக் குழந்தையின் காலோடு இணைத்தார்கள். உதைத்தால் பொம்மைகள் ஆடும். சில நிமிடங்களிலேயே, மூன்று மாதம்கூட நிரம்பாத குழந்தைகள் வழக்கத்தைவிட அதிகமாக உதைக்கத் தொடங்கின. உதைக்கும் உதைக்கும் சம்பந்தமில்லாமல் பொம்மை தானாக ஆடியபோது, உதைப்பது அப்படிக் கூடவில்லை. அடுத்தடுத்த ஆய்வுகளில், மூன்று மாதக் குழந்தைகள் இந்த வித்தையை ஏறக்குறைய ஒரு வாரமும், ஆறு மாதக் குழந்தைகள் இரண்டு வாரமும் நினைவில் வைத்திருந்தன. (வீட்டில் ரிப்பன் கட்டிப் பார்க்க வேண்டாம். கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு.)

கைக்குள் இருக்கும் இன்னொரு மொபைலின் சிக்கலும் இங்கேதான். குழந்தை சிரித்தாலும், அழுதாலும், திரும்பிக்கொண்டாலும் ரைம்ஸ் வீடியோ தன்பாட்டுக்கு ஓடும். ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். ஒருமுறை அமுக்கினால் ஐந்து நிமிடம் பாடும் பேட்டரி பொம்மையும் கிட்டத்தட்ட அதே ரகம்தான்.

காசு செலவழிக்கத் தேவையில்லை. ஆட்டினால் மட்டும் சத்தம் தரும் கிலுகிலுப்பை, கவிழ்த்த எவர்சில்வர் டம்ளர், தட்ட ஒரு கரண்டி போதும். துண்டின் ஓரத்தில் பொம்மையை வைத்தால், துண்டை இழுத்துப் பொம்மையைக் கிட்டே கொண்டுவரக் குழந்தையே கற்றுக்கொள்ளும். உடனே உதவப் போகாதீர்கள், அந்தத் தடுமாற்றத்தில்தான் விஷயமே இருக்கிறது. குழந்தை 'ஆ' என்றால் நீங்களும் 'ஆ' என்று சொல்லிவிட்டு, அடுத்த முறைக்குக் காத்திருங்கள். ஆபீஸ் முடிந்து வந்தபின் பத்து நிமிடம் இப்படி விளையாடினாலும் லாபம்தான். வாயில் போட்டு விழுங்கக்கூடிய சின்னப் பொருட்கள், பட்டன் பேட்டரி மட்டும் கைக்கு எட்டக் கூடாது.

சத்தம் கேட்டால் திரும்பவில்லை, பெயர் சொன்னால் பார்க்கவில்லை, பொருட்களைக் கையில் எடுக்க ஆர்வமே காட்டவில்லை என்றால், ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குப் போகும்போது மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.