விட்டு விட்டு ஒலிக்கும் பழைய ஸ்டீரியோ ரிசீவர்

பாலக்காட்டிலும் இடுக்கியிலும் தமிழ்நாட்டை ஒட்டியுள்ள சிற்றூர்களில், பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஸ்டீரியோ ரிசீவர்கள் சில இன்னும் பயன்பட்டு வருகின்றன. அவற்றில் அடிக்கடி காணப்படும் குறை, ஒரு பக்கத்து ஒலி திடீரென மறைவதும் பின்னர் தானே திரும்புவதுமாகும். பெட்டியைத் தட்டினால் ஒலி வருவதைக் கண்டு அதற்கு ஆயுள் முடிந்தது எனக் கருதுவோர் பலர். உண்மையில், தட்டினால் திரும்பும் ஒலி, உறுப்புகள் அழியவில்லை, எங்கோ ஒரு தொடர்பு தளர்ந்துள்ளது என்பதற்கே பெரும்பாலும் சான்றாகும்.

குறை பெட்டியிலா, வானலையிலா என்பதை முதலில் அறிதல் வேண்டும். இந்தியாவில் பண்பலை ஒலிபரப்பு 1977-இல் சென்னையில் தொடங்கிற்று. பண்பலை அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வன. ஆதலின் தேவிகுளம், மறையூர் போன்ற மலைப்பகுதிகளில் ஒரு மேடு குறுக்கிட்டாலும் அலை நலிவுறும். மலைச்சரிவில் பட்டுத் திரும்பும் அலை நேரலையோடு கலந்து ஒலியைச் சிதைக்கும். ஸ்டீரியோ ஒலிபரப்பை ரிசீவர் இனங்காண்பது 19 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுள்ள ஒரு துணை அலையினால். அலை நலிந்தால் ஸ்டீரியோ விளக்கு மினுக்கும், இரைச்சல் மிகும். 'மோனோ' நிலைக்கு மாற்றியதும் இரைச்சல் குறையுமாயின், திருத்த வேண்டியது ஏரியலையே. காஸெட் கேட்கும்போதும் ஒலி விட்டுப்போகுமாயின், குறை வானலையில் இல்லை.

அடுத்து, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ரிசீவரின் பின்புறத்தில் இடம், வலம் ஒலிபெருக்கிக் கம்பிகளை ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்துக. முன்பு ஊமையான அதே ஒலிபெருக்கி இப்போதும் ஊமையாயின், குறை அதிலோ அதன் கம்பியிலோ உள்ளது. மற்றது ஊமையானால் குறை அதற்கு முன்னே உள்ளது. பின்னர் காஸெட் கருவியின் இரு இணைப்புகளையும் அவ்வாறே மாற்றிப் பார்க்க. ஊமைப் பக்கம் இடம் மாறினால் குறை காஸெட் கருவியிலோ அதன் கம்பியிலோ இருக்கும். மாறாவிடின் ரிசீவரிலேயே உள்ளது.

ரிசீவரில் முதலில் ஐயுறத்தக்கவை தெரிவுச் சுவிட்சுகளும் ஒலிக் கட்டுப்பாட்டுக் குமிழுமே. சுவிட்சுகளின் தொடுமுனைகள் பலவற்றில் வெள்ளி பூசப்பட்டிருக்கும். காற்றில் மிகச் சிறிதளவு கலந்துள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு கூடிக் கரிய படலமாகப் படியும். ஈரம் அதனை விரைவுபடுத்தும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையில் நனையும் மூணாற்றுப் பகுதியில் இது எளிதில் நேரும். பாலக்காட்டுக் கணவாயில் வீசும் வறண்ட காற்றோ தூசியைக் கொணர்ந்து குமிழின் கரித்தடத்தில் சேர்க்கிறது. திருகும்போது எழும் கரகரப்பு அதன் அடையாளம். மெல்லிய ஒலிக்குரிய சிறு மின்னழுத்தம் படலத்தைக் கடக்க இயலாது. ஒலியைக் கூட்டினால் கடந்துவிடும். ஒலியைக் கூட்டியதும் ஊமைப் பக்கம் உயிர்பெறுவதன் காரணம் இதுவே.

மின்சாரத்தை அறவே துண்டித்தபின் ஒவ்வொரு சுவிட்சையும் குமிழையும் இருபது முறை முழுமையாக இயக்குக. உராய்வினால் படலம் ஓரளவு நீங்கும். குறை மீண்டும் தோன்றினால் பழுதுபார்ப்போரிடம் கொடுத்துக் காண்டாக்ட் கிளீனரால் தூய்மை செய்விக்கலாம். உப்புத்தாளால் தேய்த்தல் கூடாது, வெள்ளிப்பூச்சு போய்விடும். தேங்காயெண்ணெயும் ஆகாது, தூசி அதில் ஒட்டிக்கொள்ளும்.

பெட்டி சூடேறிய பின்னரே குறை தோன்றினால் ஈயப்பற்றில் விரிசல் இருக்கலாம். ஒலிபெருக்கியைக் காக்கும் ரிலேயின் தொடுமுனை கருகியிருத்தலும் உண்டு. இவற்றைத் திருத்துதல் பயின்றவர் பணி. பிளக்கைக் கழற்றிய பின்னும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். வால்வுப் பெட்டிகளில் அது உயிருக்கே ஊறு விளைக்கும். ஆதலின் மூடியைத் திறக்க மாணவர்களை விடலாகாது.

ஆயினும் வெளியிலிருந்து செய்யும் சோதனைகள் வகுப்பறைக்கு ஏற்றவை. ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைக் குறித்துக்கொண்டு, அதன்பின் அடுத்ததை மாற்றுமாறு ஆசிரியர்கள் பழக்குவாராக. இம்முறையால் குறையுள்ள இடம் தெளிவாவதோடு, நல்ல நிலையிலுள்ள உறுப்புகளைக் கழற்றி எறியும் வீண்செலவும் தவிர்க்கப்படும்.