பத்துச் சொல்லுக்கு 35 லட்சம் கோடி வழிகள்! நொடியில் ஒன்றைப் பிடிப்பது எப்படித் தெரியுமா?

2016-இல் நியூரல் முறை வரும்வரை கூகுள் டிரான்ஸ்லேட்டை ஓட்டியது புள்ளியியல் மொழிபெயர்ப்பு. ஒரு மாதிரி (மாடல்) அல்ல, பல மாதிரிகள் கூடி ஒவ்வொரு வாக்கியத்தையும் முடிவு செய்தன. அப்படியும் விடை சட்டென்று வந்ததே, எப்படி? வாருங்கள், வியக்கலாம்!

35 லட்சம் கோடி என்ன கணக்கு தெரியுமா?
மொழிபெயர்க்க வேண்டிய வாக்கியத்தில் பத்துச் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து மாற்றுச் சொற்கள். சேர்க்கைகள் 97,65,625! அந்தப் பத்தையும் வரிசை மாற்றி அடுக்க 36,28,800 வழிகள். இரண்டையும் பெருக்குங்கள், 35 லட்சம் கோடியைத் தாண்டும்! மிக எளிய மாதிரியில்கூட, இவற்றில் சிறந்ததைத் தேடுவது ‘என்.பி. கம்ப்ளீட்’ வகைச் சிக்கல் என்று 1999-இல் நிரூபித்தார் கெவின் நைட். அதாவது, எந்த வாக்கியம் வந்தாலும் மிகச் சிறந்த விடையை விரைவாகத் தரும் வழி இன்றுவரை எவர் கையிலும் இல்லை!

ஒரு வாக்கியத்துக்கு எத்தனை மதிப்பெண் தெரியுமா?
எந்தச் சொற்றொடருக்கு எது மொழிபெயர்ப்பு என்று சொல்லும் சொற்றொடர் அட்டவணை ஒரு பக்கம், எந்தச் சொல்லுக்குப் பின் எது இயல்பாக வரும் என்று சொல்லும் மொழி மாதிரி ஒரு பக்கம், சொல் வரிசையைப் பார்க்கும் மாதிரி இன்னொரு பக்கம். மோசஸ் என்ற மொழிபெயர்ப்பு மென்பொருளின் வழக்கமான அமைப்பில் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட மதிப்பெண்கள் உண்டு! ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை கொடுத்துக் கூட்டும் முறையை 2002-இல் வகுத்துத் தந்தவர்கள் ஃபிரான்ஸ் ஓக், ஹெர்மன் நெய்.

நேரத்தை விழுங்குவது யார் தெரியுமா?
மொழி மாதிரிதான்! அட்டவணையின் மதிப்பெண்கள் சொற்றொடரோடு ஒட்டியவை; தேடல் தொடங்கும் முன்பே கூட்டி வைத்துவிடலாம். மொழி மாதிரி அப்படியா? முன்னால் என்ன சொல் வந்தது என்று பார்த்தால்தான் மதிப்பெண் போடும். ஆகவே வாக்கியம் நீள நீள, ஒவ்வொரு அடியிலும் அதைப் புதிதாகக் கேட்க வேண்டும். மொழி மாதிரி இரண்டானால் கேள்விகளும் இரட்டிக்கும்!

தேடலைத் துளியும் நஷ்டமில்லாமல் வெட்ட முடியும், தெரியுமா?
ஐந்து சொல் மொழி மாதிரி என்றால் கடைசி நான்கு சொற்கள்தான் அதற்குக் கணக்கு. மூல வாக்கியத்தில் ஒரே சொற்களை மொழிபெயர்த்து முடித்து, ஒரே இடத்தில் நின்று, ஒரே நான்கு சொற்களில் முடியும் இரண்டு பாதி மொழிபெயர்ப்புகள் வந்தால், மதிப்பெண் குறைந்ததை அப்போதே தூக்கி எறியலாம். அது இனி ஜெயிக்கவே முடியாது! மிச்சத்திலும் முன்னணியில் நிற்கும் சில நூறை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விடுவார்கள். அங்கே துல்லியம் கொஞ்சம் பணயம், வேகம் லாபம்!

மூலையிலிருந்து தேடும் வித்தை தெரியுமா?
டேவிட் சியாங் 2007-இல் விளக்கிய ‘கியூப் ப்ரூனிங்’ இது. இதுவரை கட்டிய பாதி வாக்கியங்களைச் சிறந்ததிலிருந்து வரிசைப்படுத்து, புதிய சொற்றொடர்களையும் அப்படியே வரிசைப்படுத்து. ஒன்றைக் குறுக்கிலும் மற்றதை நெடுக்கிலும் வைத்துக் கட்டம் போடு. முதலும் முதலும் சேரும் மூலையில் தொடங்கி, பக்கத்துக் கட்டங்களுக்கு மட்டும் நகரு. மற்ற கட்டங்களுக்கு மொழி மாதிரியைக் கேட்கவே வேண்டாம்!

30,000 கோடி சொல் தொடர்கள் கொண்ட மொழி மாதிரி தெரியுமா?
2007-இல் கூகுள் கட்டியது! 2 லட்சம் கோடி சொற்களைப் படித்த அந்த மாதிரி ஒரே கணினிக்குள் அடங்காது; பல கணினிகளில் பிரித்து வைத்தார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் நெட்வொர்க்கில் ஓடினால் வேகம் படுத்துவிடும். ஆகவே கேள்விகளைச் சேர்த்து மொத்தமாக அனுப்பினார்கள்!

மொழி மாதிரியைச் சேமிக்கும் விதம் மாறினாலே வேகம் இரட்டிக்கும், தெரியுமா?
2011-இல் கென்னத் ஹீஃபீல்டு எழுதிய மொழி மாதிரி மென்பொருளான கென்எல்எம், அதுவரை பரவலாக இருந்த எஸ்ஆர்ஐஎல்எம்மைவிட 2.4 மடங்கு வேகம். நினைவகமோ அதில் 57 சதவீதம்தான்!

இரண்டு அட்டவணைகளை ஒன்றாக்கிவிடலாம், தெரியுமா?
செய்திக்கு ஒரு சொற்றொடர் அட்டவணை, சட்டத்துக்கு ஓர் அட்டவணை என்று தனித்தனியாகத் தேடினால் மாற்றுச் சொற்றொடர்கள் குவிந்து தேடல் பெருகும். இரண்டையும் தக்க விகிதத்தில் முன்கூட்டியே ஒன்றாகக் கலந்துவிட்டால், ஓடும்போது ஓர் அட்டவணையின் செலவுதான்! ரிகோ சென்ரிச் 2012-இல் காட்டிய வழிகளில், அந்த விகிதத்தையும் கணினியே கண்டுபிடித்துக்கொள்ளும்.

ஆக, மாதிரிகள் எத்தனை என்பது மட்டுமே வேகத்தை முடிவு செய்வதில்லை. எதை முன்பே கணக்கிட்டோம், எதைக் கேட்காமலே விட்டோம் என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது. கணினி படிக்கும் மாணவர்களே, மோசஸும் கென்எல்எம்மும் திறந்த மூல மென்பொருள்கள். இறக்கிக்கொள்ளுங்கள், ஒரு மாதிரியைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டி, நேரத்தை நீங்களே அளந்து பாருங்கள்!