கடை பரப்பும் கணக்கு

ஹாலில் விளையாட்டுச் சாமான் இறைந்து கிடந்தால் நம் வீடுகளில் ஒரு குரல் கேட்கும்: "என்ன இது, கடை பரப்பி வெச்சிருக்கே!" கடை பரப்ப ஐந்து நிமிஷம் போதும். எடுத்து வைக்க அரை மணி ஆகிறது. ஏன் இந்த ஓரவஞ்சனை? சோம்பேறித்தனம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கொஞ்சம் இருக்கலாம். ஆனால் சோம்பலே இல்லாத வீட்டிலும் ஹால் தானாகக் கலைகிறதே தவிர, தானாக ஒழுங்காவதில்லை. அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது.

உங்கள் கலர் பென்சில் டப்பாவைத் திறந்து பாருங்கள். 12 பென்சில் என்று வைத்துக்கொள்வோம். முதல் இடத்தில் 12-ல் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். அடுத்த இடத்துக்கு மீதி 11. அதற்கடுத்து 10. இப்படியே பெருக்கிக்கொண்டு போனால் 47,90,01,600 வருகிறது. அதாவது அந்தப் பன்னிரண்டு பென்சிலை 47 கோடியே 90 லட்சம் விதமாக அடுக்கலாம். வினாடிக்கு ஒரு விதம் என்று தூங்காமல் கொள்ளாமல் மாற்றி மாற்றி அடுக்கினாலும் முடிக்க 15 வருஷத்துக்கு மேல் ஆகும். கடையில் வாங்கியபோது இருந்த வரிசை அத்தனை கோடியில் ஒன்றே ஒன்று. பார்க்காமல் எடுத்து, பார்க்காமல் போட்டால் அந்த ஒன்று அமையுமா?

கையால் செய்து பார்க்கப் பத்து நாணயம் போதும். ஒரு டிபன் டப்பாவில் எல்லாவற்றையும் தலைப்பக்கம் மேலே இருக்கும்படி பரப்பி, மூடிக் குலுக்கித் திறந்து பாருங்கள். பத்து நாணயம் விழக்கூடிய விதங்கள் மொத்தம் 1,024. பத்தும் தலையாக விழுவது அதில் ஒரே ஒரு விதம். நாலு, ஐந்து அல்லது ஆறு தலை விழுவது 672 விதம், அதாவது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. நாணயத்துக்கு ஒழுங்கின் மேல் வெறுப்பில்லை, கலைவதில் ஆசையும் இல்லை. கலைந்து விழ வழி ஏராளம், ஒழுங்காக விழ வழி ஒன்று. அவ்வளவுதான் விஷயம்.

டப்பாவைக் குலுக்க உங்கள் கை வேண்டும். ஹாலைக் குலுக்க நீங்களும் உங்கள் தம்பியும் வேண்டும். யாரும் தொடாவிட்டால் பொம்மை வைத்த இடத்திலேயே கிடக்கும். ஆனால் அதே ஹாலில் யாரும் குலுக்காமலே கலைந்துகொண்டிருக்கும் ஒன்று உண்டு. அது காற்று. காற்றின் மூலக்கூறுகள் வினாடிக்குச் சுமார் 500 மீட்டர் வேகத்தில் ஓடி, ஒன்றோடொன்று மோதி, திசை மாறிக்கொண்டே இருக்கின்றன. சாமி அலமாரி முன்னால் ஏற்றிய ஊதுபத்தியின் மணம் வாசல்வரை வருவதற்கு இந்த இடிபாடும் ஒரு காரணம். (மின்விசிறியும் சேர்ந்து தள்ளிவிடும்.) பரவிய மணம் திரும்ப ஊதுபத்திக்குள் போய் ஒடுங்கியதை யாரும் பார்த்ததில்லை. பன்னிரண்டு பென்சிலுக்கே 47 கோடி என்றால், கோடானுகோடி மூலக்கூறுகளுக்கு எத்தனை விதம் இருக்கும் என்று யோசியுங்கள்.

இந்தக் கணக்கை முதலில் தெளிவாகப் பிடித்தவர் ஆஸ்திரிய நாட்டு விஞ்ஞானி லுட்விக் போல்ட்ஸ்மேன். 1844-ல் வியன்னாவில் பிறந்தவர். கலைவு எவ்வளவு என்பதற்கு என்ட்ரோபி என்ற அளவை 1865-லேயே ருடால்ஃப் கிளாசியஸ் என்ற விஞ்ஞானி பெயரிட்டுக் கொடுத்துவிட்டார். அந்த அளவு எத்தனை விதங்கள் உண்டு என்பதைப் பொறுத்தது என்று எண்ணிக் காட்டியவர் போல்ட்ஸ்மேன். அணு என்று ஒன்று உண்டா என்றே பெரிய பெரிய விஞ்ஞானிகள் சந்தேகப்பட்ட காலம் அது. அவர்களோடு அவர் பல வருஷம் வாதாட வேண்டியிருந்தது. 1906-ல் இறந்தார். வியன்னாவின் மத்தியக் கல்லறையில் அவருடைய சிலைக்கு மேலே 'எஸ் = கே லாக் டபிள்யூ' என்ற சூத்திரத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். அதில் எஸ் என்பது என்ட்ரோபி. டபிள்யூ என்பது நாம் பென்சிலுக்கு எண்ணினோமே, அந்த 'எத்தனை விதம்'.

சரி, ஹாலுக்கு வருவோம். கலைவது விதங்களின் எண்ணிக்கையால் என்றால், அந்த எண்ணிக்கையில் கை வைத்தால் வேலை சுலபமாக வேண்டும் அல்லவா? ஆகிறது.

ஒன்று, இடத்தைச் சுருக்கலாம். 10 அடிக்கு 12 அடி ஹால் என்றால் 120 சதுர அடி. ஒரு சதுர அடி ஓர் இடம் என்று கொண்டால், ஐந்து பொம்மைகள் சிதறிக் கிடக்க 2,488 கோடி விதம் உண்டு. அதே ஐந்தையும் 3 அடிக்கு 6 அடி பாயை விரித்து அதற்குள் மட்டும் வைத்து விளையாடினால் 19 லட்சத்துக்கும் குறைவு. பாட்டிகள் பழைய புடவையை விரித்து, "இதுக்குள்ளயே விளையாடு கண்ணு" என்று சொல்வதில் அத்தனை விஷயம் இருக்கிறது. விளையாடி முடித்ததும் நாலு முனையையும் சேர்த்துப் பிடித்தால் தேடவே வேண்டாம்.

இன்னொன்று, 'ஒழுங்கு' என்பதைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பென்சிலெல்லாம் வானவில் வரிசையில் இருந்தால்தான் ஒழுங்கு என்றால், 47 கோடியில் ஒன்றுதான் தேறும். டப்பாவுக்குள் இருந்தாலே ஒழுங்கு என்றால், 47 கோடியும் தேறிவிடும். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருக்கும்போது இரண்டாவது விதிதான் நியாயமானது என்பது என் கட்சி. உங்கள் அம்மா அப்பாவிடமும் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

அப்படியானால் எல்லாவற்றையும் ஒரே பெரிய கூடையில் அள்ளிப் போட்டுவிடலாமே? அங்கேதான் ஒரு சிக்கல். அதற்கும் ஒரு பரிசோதனை இருக்கிறது.

ஒரு டப்பாவின் அடியில் கொட்டைப்பாக்கு ஒன்றை வைத்து, அதன்மேல் முக்கால் டப்பா அரிசியைக் கொட்டுங்கள். மூடி, மேலும் கீழுமாகக் குலுக்குங்கள். கொஞ்ச நேரத்தில் பாக்கு மேலே வந்து எட்டிப் பார்க்கும். ஒவ்வொரு குலுக்கலிலும் பாக்குக்கு அடியில் ஒரு சின்ன இடைவெளி விழுகிறது. பாக்கு கீழே இறங்கும் முன்பே அரிசி அந்த இடத்தில் புகுந்துகொள்கிறது. அரிசி புகக்கூடிய இடுக்கில் பாக்கு புக முடியாது. அதனால் பாக்கு படிப்படியாக மேலே ஏறுகிறது. மிக்ஸர் பொட்டலத்தின் அடியில் தூள் தேங்குவதும் இப்படித்தான். குலுக்கினால் கலந்துவிடும் என்றுதான் இவ்வளவு நேரம் பார்த்தோம். ஆனால் புவியீர்ப்பும் உருவ அளவும் சேரும்போது குலுக்கலே பெரிதையும் சிறிதையும் பிரித்துவிடுகிறது.

பொம்மைக் கூடையிலும் இதேதான் நடக்கிறது. இழுத்து இழுத்து வைப்பதில் கரடி பொம்மையும் லாரியும் மேலேயே இருக்கும். செஸ் சிப்பாய், தாயக்கட்டை, சோழி, பிளாக்ஸ் துண்டு எல்லாம் இடுக்கு வழியே அடிக்குப் போய்விடும். சிப்பாய் வேண்டுமென்றால் என்ன செய்வீர்கள்? கூடையைக் கவிழ்ப்பீர்கள். மறுபடியும் கடை பரப்பியாயிற்று.

ஆகவே சின்னச் சாமான்களுக்கு ஆழமான கூடை ஆகாது. பார்த்தவுடன் தெரிகிற மாதிரி தாழ்வான தட்டோ, மூடியுள்ள சின்ன டப்பாவோ போதும். பெரிய பொம்மைகளுக்குக் கூடை. பிரிக்க வேண்டியது அவ்வளவுதான்.

மூன்று வயதுக்குட்பட்ட தம்பியோ தங்கையோ வீட்டில் இருந்தால் இது இன்னும் முக்கியம். அந்த வயதில் கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குப் போகும். பொம்மைகளைச் சோதிக்கும் இடங்களில் சுமார் 32 மில்லிமீட்டர் அகலமுள்ள உருளை ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கிவிடும் எதுவும் சின்னக் குழந்தையின் தொண்டையில் சிக்கக்கூடியது என்று எடுத்துக்கொள்கிறார்கள். கூடையின் அடியில் போய்ச் சேர்பவை பெரும்பாலும் அந்த அளவுக்காரர்கள்தான். கவிழ்த்த கூடையிலிருந்து முதலில் உருண்டு சோபாவுக்கடியில் போவதும் அவைதான். நீங்கள் எடுக்க மறந்த சோழியைத் தவழும் பாப்பா கண்டுபிடித்துவிடும். சின்னச் சாமான் டப்பாவை மட்டும் பாப்பாவுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கரடியும் லாரியும் பாப்பா கை படுகிற இடத்திலேயே இருக்கட்டும்.