கலயத்துச் சுண்ணாம்பு

உடன்குடியில் கருப்பட்டி வாங்க வருகிற வெளியூர்க்காரர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள், முகர்ந்து பார்ப்பார்கள், சிலர் விள்ளி வாயில் போட்டும் பார்ப்பார்கள். பனையேறி வீட்டில் பிறந்த நான் கடைக்காரரிடம் கேட்பது ஒன்றுதான்: எந்த விடிலிச் சரக்கு? விடிலி என்பது பதநீர் காய்ச்சுகிற ஓலைக் குடிசை. அங்கே பதநீர் இறக்குகிறவர் சுண்ணாம்பில் கணக்கானவரா என்று தெரிந்தால் எனக்குப் போதும்.

பனம்பாளையைச் சீவிவிட்டுக் கலயத்தைக் கட்டினால் இனிப்பு நீர் சொட்டும். விட்டுவைத்தால் ஈஸ்ட் நுண்ணுயிர்கள் அதிலுள்ள சர்க்கரையைத் தின்று, சில மணி நேரத்திலேயே புளிக்க வைத்துவிடும். அது கள். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு பூசியிருந்தால், அந்தக் காரத்தில் அவற்றின் வேலை நடக்காது. சொட்டியது பதநீராகவே இறங்கும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. ஆக, எங்கள் ஊரில் ருசியும் சட்டமும் ஒரே பூச்சில் இருக்கின்றன. தாத்தா இடுப்பில் அருவாப்பெட்டியோடு சுண்ணாம்புப் பெட்டியும் தொங்கும். அன்றைக்கு அது சிப்பியைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு. தேரி மணலில் நிற்கிற பனைக்கும் பக்கத்துக் கடலுக்கும் அப்படியும் ஒரு கொடுக்கல் வாங்கல் இருந்தது.

பூச்சு குறைந்தால் காலையில் இறங்கும்போதே பதநீர் புளித்திருக்கும். புளித்ததை எத்தனை நேரம் கிண்டினாலும் பாகாக இழுபடுமே தவிர கட்டியாகாது. உறைய வேண்டிய சர்க்கரை அதற்குள் உடைந்துபோயிருக்கும். கூடினாலும் வம்புதான். "ஏட்டி, சுண்ணாம்பு ஏறிப்போச்சுன்னா கட்டி கறுத்துப் போவும், நாக்கு வெந்துரும்" என்பாள் ஆச்சி. அதனால் பதநீரைத் தெளிய வைத்து, துணியில் வடிகட்டித்தான் அடுப்பில் ஏற்றுவாள்.

அடுப்புக்குப் பனமட்டையும் உடைமுள்ளும். பொங்கி வழிய வரும்போது நசுக்கிய ஆமணக்கு முத்தைத் துளி போடுவாள், நுரை அடங்கிவிடும். பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டிப் பார்ப்பாள். உருண்டால் இறக்கி, துடுப்பால் கிண்டி, சிரட்டைகளில் ஊற்றுவாள். 10 லிட்டர் பதநீருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேலே கிடைக்கும், அவ்வளவுதான். இதற்காக மரத்தில் காலையும் மாலையும் ஏறி இறங்க வேண்டும். கருப்பட்டி விலை கூடுதல் என்று பேரம் பேசுகிறவர்களை நான் ஒரு பனையடியில் கொண்டுபோய் நிறுத்த ஆசைப்படுவதுண்டு.

உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. சுக்கு, ஏலம் சேர்த்துச் சிறிதாக ஊற்றிய சில்லுக்கருப்பட்டியைத் திருச்செந்தூரில் ஓலைப்பெட்டியில் விற்பார்கள். வீட்டில் கருப்பட்டி காப்பிக்கும், திருக்கார்த்திகை அன்று ஓலைக்கொழுக்கட்டைக்கும் போகும். பச்சரிசி மாவும் கருப்பட்டியும் பிசைந்து, குருத்தோலைக்குள் வைத்து அவிக்கிற பண்டம் அது. ஓலை வாசமே பாதிச் சுவை. மரத்திலிருந்து இறங்கிய தாத்தாவுக்கோ இனிப்பே ஆகாது. பழைய கஞ்சியும் சுட்ட சாளைக் கருவாடும்தான் அவருக்குச் சாப்பாடு.

இப்போது சிலர் சீனியைக் கரைத்து ஊற்றியே கட்டியாக்கிவிடுகிறார்கள். சீனி விலை மலிவு, பதமும் எளிதில் வந்துவிடும், பதநீர் நல்லதா கெட்டதா என்ற கவலையும் இல்லை. பார்வைக்குப் பளிச்சென்று இருப்பதால் வெளியூர்க்காரர்கள் அதைத்தான் முதலில் எடுக்கிறார்கள்.

பதநீர் குடிக்க வருகிறவர்கள் பங்குனிக்கும் ஆடிக்கும் நடுவில், வெயில் ஏறுமுன் வாருங்கள். ஓலைப்பட்டையில் வாங்கி, இளநுங்கை நசுக்கிப் போட்டுக் குடியுங்கள். பானையின் அடிமண்டியைச் சாய்த்து ஊற்ற வந்தால் மட்டும் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். சுண்ணாம்பு அங்கேதான் தங்கியிருக்கும்.