உங்களுக்குத் தெரியுமா? கோணல் பல்லிலா, பூட்டியதிலா?

குறையே இல்லாத கியர்கூட அளக்கும் இயந்திரத்தில் ஏறினால் சில நேரம் குறையோடு தெரியும். பூட்டிய விதம்தான் காரணம். கியரின் மையம் சுழலும் அச்சிலிருந்து 10 மைக்ரான் விலகினாலே போதும். பல் இடைவெளிப் பிழைகளைக் கூட்டிப் போடும் வரைபடம், சுற்றுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அலையாகிவிடும். உச்சிக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஏறக்குறைய 20 மைக்ரான்!

சாய்வு இன்னும் பொல்லாதது. 100 மி.மீ. நீளத்துக்கு 10 மைக்ரான் சாய்ந்திருந்தால், 20 மி.மீ. அகலமுள்ள பல்லில் 2 மைக்ரான் வரை கோணல் காட்டும். அதுவும் ஒரு பல்லில் வலப்பக்கம், நேர் எதிரே உள்ள பல்லில் இடப்பக்கம். சுற்றிலும் சம இடைவெளியில் நாலு பற்களை அளந்து சராசரி எடுப்பது இதற்காகத்தான். ஒரே பல்லைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவது வம்பு.

முன்பெல்லாம் டயல் கேஜ் வைத்து, மெல்லத் தட்டித் தட்டியே மையம் பிடிப்பார்கள். இப்போது உணர்முனை கியரின் துளையை இரண்டு உயரங்களில் தொட்டு உண்மையான அச்சைக் கண்டுபிடிக்கிறது. கோணலைக் கணினி கணக்கிலேயே கழித்துவிடுகிறது. ஆனால் துளையில் ஒரு பிசிறு இருந்தால், தப்பான அச்சையும் அது சமர்த்தாக நம்பிவிடும்!

சந்தேகமா? கியரை 180 டிகிரி திருப்பிப் பூட்டி மறுபடி அளக்கலாம். கோணல் அதே பல்லோடு திரும்பினால் குறை கியரில். இயந்திரத்தில் பழைய இடத்திலேயே நின்றால் பூட்டியதில்.