செவிக்கு அப்பால் – 6: சுவரில் பதிந்த கைகள்

காது கேளாதவர்களின் உட்செவியில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் தாளத்தை நன்றாகவே தரும், சுருதியில்தான் தடுமாறும் என்று சென்ற வாரம் பார்த்தோம். பேச்சைப் பிடித்துக் கொடுப்பதற்காக உருவான கருவி அது. கருவியின் கை ஓயும் இடத்தில் உடம்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு காது கேளாத தாள வாத்தியக் கலைஞர் ஈவ்லின் கிளென்னியைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

ஸ்காட்லாந்தின் அபர்டீன்ஷயரில் 1965-ல் பிறந்தவர். 8 வயதில் காது மங்கத் தொடங்கி, 12 வயதுக்குள் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. அந்த வயதில்தான் தாள வாத்தியம் கற்க வந்து நின்றார். பள்ளி ஆசிரியர் ரான் ஃபோர்ப்ஸ் தட்டிக் கழிக்கவில்லை. மாணவி வகுப்பறைச் சுவரில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து நிற்பார். ஃபோர்ப்ஸ் டிம்பனியில் ஒரு ஸ்வரம் தட்டுவார். செப்புக் கொப்பரையின் மேல் தோல் இழுத்துக் கட்டிய பெரிய முரசு அது. சுருதியை ஏற்றி இறக்கலாம். அதிர்வு உடம்பில் எங்கே வந்து தங்குகிறது என்று கவனிப்பதுதான் பாடம். நாளடைவில், தாழ்ந்த ஒலிகள் கால்களிலும் பாதங்களிலும், உயர்ந்தவை முகம், கழுத்து, மார்பிலும் பிடிபடத் தொடங்கின. காது போகும் முன்பே அவருக்கு இருந்த சுருதி ஞானத்தோடு அந்த இடங்களை முடிச்சுப் போட்டுக்கொண்டார். மேடையில் அவர் வெறுங்காலோடு வாசிப்பது இதற்காகத்தான்.

இதில் மாயம் ஏதுமில்லை. நொடிக்கு 250 அதிர்வுகளை ஒட்டிய ஒலியைத் தோல் மிக நுட்பமாக உணரும். 1,000-ஐத் தாண்டினால் பெரும்பாலும் நழுவிவிடும். அடியில் இடைவெளி விட்டுப் பாவிய மரத்தளம் அதிர்வைக் காலுக்குக் கடத்தும். கான்கிரீட் தளத்தில் அது அமுங்கிவிடும். ஊதிய பலூனைக் கையில் பிடித்திருந்தாலே டிரம்மின் ஒவ்வொரு அடியும் விரலுக்கு வந்து சேரும்.

லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக் முதலில் அவரைச் சேர்க்கத் தயங்கியது. காது கேளாத இசைக்கலைஞருக்கு எதிர்காலம் உண்டா என்பது அவர்களின் கேள்வி. கிளென்னி விடவில்லை, வாசிப்பை வைத்து முடிவெடுங்கள் என்று வாதாடி இடம்பெற்றார். பிரிட்டனின் இசைக் கல்லூரிகள் மாற்றுத்திறனாளிகளின் விண்ணப்பத்தைப் பார்க்கும் விதமே அதன்பின் மாறியது. 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் சுமார் 1,000 டிரம்மர்களுக்குத் தலைமையேற்று வாசித்தவர் அவர்தான்.

நாமோ, காது கேளாதவர்களுக்காகப் போடும் சப்டைட்டிலில் "இசை" என்று ஒற்றைச் சொல்லைப் போட்டுவிட்டுக் கடமை முடிந்ததாக நினைக்கிறோம். என்ன வாத்தியம், வேகம் கூடுகிறதா, எங்கே சட்டென்று நிற்கிறது என்று எழுத இன்னும் ஒரு வரி போதாதா? கச்சேரி நடத்துபவர்களுக்கும் இசை ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். காது கேளாத பிள்ளை ஒன்று வந்தால் மிருதங்கத்தின் மேல் கை வைத்துப் பார்க்க விடுங்கள். மேடையை ஒட்டி உட்கார இடம் கொடுங்கள். வேறென்ன வேண்டும் என்பதை அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள்.

(தொடரும்)