மோடம் சொல்லும் "நில்... புறப்படு!"

திருப்பூரில் வீட்டை ஒட்டியே பனியன் யூனிட் நடத்தும் நண்பர்கள் சிலர், கம்ப்யூட்டர் வாங்கியவுடன் கேட்கும் முதல் உதவி, "எலக்ட்ரானிக் தராசையும் பார்கோடு பிரிண்டரையும் இதில் இணைத்துத் தர முடியுமா?" என்பதுதான். தராசும் பிரிண்டரும் கொடவுனில் இருக்கும். கம்ப்யூட்டர் ஆபீசில் இருக்கும். கேபிள் இழுக்க வழியில்லை என்றால், ஒரு ஜோடி வயர்லெஸ் சீரியல் மோடம்களைப் பொருத்தச் சொல்வேன்.

இதில் கவனம் தேவை. 24.350 கிலோ துணி ரோல் திரையில் 4.350 என வந்தால் என்ன ஆகும்? நிட்டிங் கூலி கிலோ கணக்கில்தான். கொடுத்த நூலுக்கும் திரும்பி வந்த துணிக்கும் எடை ஒத்துப் போகாவிட்டால், ஜாப் ஒர்க் செய்பவரின் கூலியில் கை வைப்பார்கள். ஓர் இலக்கம் தொலைந்தாலும் நஷ்டம் நிஜம்தான்.

பபர் என்பது என்ன?

சாயப் பட்டறையில் இருந்து கழிவு நீர் ஒரே சீராக வராது. பொது சுத்திகரிப்பு நிலையத்தில் அதனை முதலில் சமன்படுத்தும் தொட்டியில் தேக்கி, பின்னர் ஒரே அளவில் உள்ளே அனுப்புகின்றனர். மோடத்தின் உள்ளே உள்ள இத்தகைய தொட்டிதான் பபர். தொட்டி நிரம்பப் போகிறது என்றால் அனுப்புபவரிடம் "நிறுத்து" என்று சொல்வதே ப்ளோ கண்ட்ரோல். நொய்யல் மாசடைந்த வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டதை நாம் அறிவோம். சாயம் கலந்தால் ஆற்றில் தெரியும். பபரில் இருந்து வழிந்த டேட்டா எங்கும் தெரியாது, சத்தமில்லாமல் மறைந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கம்ப்யூட்டரில் இருந்து மோடத்திற்கு 19,200 வேகம் செட் செய்திருக்கிறோம். ஒரு பைட்டுக்கு 10 பிட் வீதம், விநாடிக்கு 1,920 பைட் உள்ளே வரும். ஆனால் மோடம் டேட்டாவைச் சிறு பொட்டலங்களாக்கி அனுப்பி, "கிடைத்தது" என்ற பதிலுக்குக் காத்திருக்கும். கிடைக்காவிட்டால் மீண்டும் அனுப்பும். நடுவே இரும்பு பீரோ, ஈரத் துணி அடுக்கு இருந்தால் சிக்னல் குறையும், தாமதம் கூடும். வெளியே போவது 960 பைட் என்று வைத்துக் கொள்ளுங்கள். பபர் 1,024 பைட் என்றால், ஒரு விநாடியைச் சற்றுத் தாண்டியதும் நிரம்பிவிடும். கம்பெனி லோகோவுடன் கூடிய 4,096 பைட் லேபிளில், ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு காணாமல் போகும்.

பெரிய பபர் உள்ள மோடம் வாங்கினால் போதாதா? போதாது. வழிவது தள்ளிப் போகும், நிற்காது. "நிறுத்து" என்ற சொல் அனுப்புபவரைப் போய்ச் சேர வேண்டும்.

இரண்டு வழிகள்

முதலாவது, ஹார்ட்வேர் முறை. 9 பின் சீரியல் போர்ட்டில் 7ஆவது பின் ஆர்.டி.எஸ்., 8ஆவது பின் சி.டி.எஸ். மோடம் பபர் நிரம்பும் முன்பே சி.டி.எஸ். சிக்னலை விலக்கிவிடும், கம்ப்யூட்டர் காத்திருக்கும். 2, 3, 5 ஆகிய மூன்று பின்களை மட்டும் இணைக்கும் கேபிள்களும் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றில் இந்த முறை வேலை செய்யாது.

இரண்டாவது, சாப்ட்வேர் முறை. எக்ஸ்ஆப் (எண் 19) வந்தால் நிறுத்து. எக்ஸ்ஆன் (எண் 17) வந்தால் தொடர். மூன்று வயர் போதும். ஆனால் லோகோ படத்தின் டேட்டாவிலேயே 19 என்ற எண் வரலாம். அது நிறுத்தும் கட்டளையாக எடுத்துக் கொள்ளப்படும். எனவே வெறும் எழுத்துகளுக்கு மட்டும் இதனைப் பயன்படுத்துங்கள்.

செட் செய்வது எப்படி?

விண்டோஸில் டிவைஸ் மேனேஜர் சென்று, போர்ட்ஸ் பிரிவில் உங்கள் காம் போர்ட்டில் டபுள் கிளிக் செய்திடவும். போர்ட் செட்டிங்ஸ் டேபில் ப்ளோ கண்ட்ரோல் "நன்" என்று இருக்கும். அதனை "ஹார்ட்வேர்" என மாற்றவும். பில்லிங் புரோகிராம் தன் சொந்த செட்டிங்கைப் பயன்படுத்தலாம் என்பதால், அங்கும் மாற்றிவிடுங்கள். இரு மோடம்களிலும் இதே அமைப்பு வேண்டும். பேப்பர் தீர்ந்து பிரிண்டர் நிற்கும்போது அந்தத் தகவல் ரேடியோ வழியே திரும்பி வருமா என்பதையும் மோடத்தின் கையேட்டில் பார்த்துக் கொள்ளுங்கள்.

தராசு வேறு விதம். பல தராசுகளுக்கு ப்ளோ கண்ட்ரோல் தெரியாது. எடையை ஓயாமல் அனுப்பிக் கொண்டே இருக்கும். பபரில் பழைய எடைகள் சேர்ந்துவிட்டால், புதிய ரோலுக்கு முந்தைய ரோலின் எடை பதிவாகிவிடும். எனவே பட்டனை அழுத்தினால் மட்டும் எடையை அனுப்பும்படி தராசை அமைத்திடுங்கள். வரி முழுமையாக வந்தால் மட்டும் ஏற்கும்படி புரோகிராம் எழுதியவரிடம் சொல்லுங்கள்.

இறுதியாக ஒரு சோதனை. புட்டி என்னும் இலவச புரோகிராமை மறுமுனையில் இன்னொரு கம்ப்யூட்டரில் இயக்கி, வரிசை எண்களுடன் 500 வரிகள் அனுப்பிப் பாருங்கள். இடையில் ஓர் எண் குறைந்தாலும் உங்கள் தொட்டி வழிகிறது என்று பொருள். லேபிள் அச்சடிப்பதற்கு முன்னால் அதைச் சரி செய்துவிடுங்கள்.